கஞ்சாச் செடியின் வேரழுகல்: தண்ணீரைச் சுத்தம் செய்வதா, நுண்ணுயிர் விடுவதா?

மதியம் செடி துவண்டு நிற்கும், சாயங்காலம் நிமிர்ந்துவிடும். நாலைந்து நாள் இப்படியே போய், ஒருநாள் நிமிராமலே நின்றுவிடும். தண்ணீர் போதவில்லையோ என்று நினைத்து இன்னும் கொஞ்சம் விடுவதுதான் முதலில் எல்லோரும் செய்வது. வேரழுகலுக்கு அதைவிடப் பெரிய உபகாரம் கிடையாது.

பசுமைக்குடிலில் கஞ்சா வளர்ப்பவர்களிடம் இதற்கு மருந்து கேட்டால் இரண்டு கட்சி தெரியும். மண்ணுக்குப் பதில் வேருக்கு விடும் ஊட்டக்கரைசலில் எந்த உயிரும் இருக்கக்கூடாது, பெராக்சைடோ குளோரினோ புறஊதா விளக்கோ வைத்துக் கொன்றுவிடு என்பது ஒரு கட்சி. நல்ல நுண்ணுயிர்களை வேரில் குடியேற்றிவிடு, கெட்டதற்கு இடமே இருக்காது என்பது இன்னொன்று. என்னைக் கேட்டால், வேரில் இருப்பது யார் என்று பார்க்காமல் எந்தக் கட்சியிலும் சேரக்கூடாது.

சந்தேகப்பட வேண்டியவை முக்கியமாக இரண்டு: பித்தியம், ஃபியூசேரியம். கனடாவில் மண்ணில்லா முறையில் வளர்த்த கஞ்சா வேர்களை ஆராய்ந்து 2018இல் வெளியான ஆய்வு இரண்டையுமே கண்டது. பெயரளவில் இரண்டையும் பூஞ்சை என்று சொல்லிவிடுகிறோம். உண்மையில் பித்தியம் பூஞ்சையே இல்லை, பழுப்புப் பாசிகளுக்குத்தான் நெருங்கிய உறவு. வாலாட்டி நீந்தும் வித்துகளை விடும். ஒரே கரைசல் சுற்றிவரும் அமைப்பில் ஒரு செடியிலிருந்து மறு செடிக்குப் போக அதற்கு வேறு வாகனம் வேண்டாம். ஃபியூசேரியம் அசல் பூஞ்சை. தடித்த சுவருள்ள வித்துகளாக வளர்ப்பூடகத்திலும் தொட்டி இடுக்கிலும் வருடக்கணக்கில் தூங்கும்.

அடையாளம் காண விரலும் கத்தியும் போதும். பழுப்பான வேர் ஒன்றைப் பிடித்து மெல்ல இழுங்கள். மேல்தோல் உறைபோலக் கழன்று கையில் வந்து, நடுவே நூல் மாதிரி ஒரு நரம்பு மட்டும் மிஞ்சினால் பித்தியத்தின் மேல் சந்தேகம். பிறகு தண்டின் அடியைக் குறுக்கே வெட்டுங்கள். உள்ளே பழுப்பு வளையம் தெரிந்தால் ஃபியூசேரியம் நீர்க்குழாய்களுக்குள் ஏறிவிட்டது என்று பொருள். இரண்டும் சேர்ந்தே வருவதும் உண்டு என்பதால் முடிந்தால் ஆய்வகத்துக்கு அனுப்புவது நல்லது.

பித்தியம் என்றால் சுத்தம் செய்யும் கட்சிக்கே என் ஓட்டு. பெராக்சைடு வேலை முடிந்ததும் தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் பிரிந்துவிடும். அதனாலேயே அதன் பலம் நீடிக்காது, திரும்பத் திரும்ப விட வேண்டும். அளவு கூடினால் இளவேர் கருகும். புறஊதா விளக்கு எதையும் கலப்பதில்லை, ஆனால் கரைசலிலுள்ள இரும்புச்சத்தின் பிணைப்பைச் சிதைக்கும். போதாததற்குக் கரைசல் கலங்கலாக இருந்தால் ஒளி உள்ளே போகாது. இவற்றுக்கெல்லாம் முன்னால் பார்க்க வேண்டியது கரைசலின் சூடு. 20 டிகிரி தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும், 30 டிகிரியில் ஏழரைதான். வேர் மூச்சுத்திணறும் அந்தச் சூடுதான் சில பித்தியம் இனங்களுக்குக் கொண்டாட்டம். குளிர்ந்த தண்ணீரிலும் தாக்கும் இனங்கள் உண்டு என்பதால், குளிர்வித்தாயிற்று என்று கவனத்தை விட்டுவிடவும் முடியாது.

தென்னைநார்க் கழிவு போன்ற ஊடகத்தில் ஃபியூசேரியத்தை எதிர்பார்த்தால் நுண்ணுயிர்க் கட்சி பொருந்தும். ட்ரைக்கோடெர்மா என்னும் நல்ல பூஞ்சை எதிரிப் பூஞ்சையின் இழையைச் சுற்றி வளைத்துத் தின்னும், வேரடியில் இடத்தையும் பிடித்துக்கொள்ளும். பேசில்லஸ் சப்டிலிஸ் என்னும் பாக்டீரியா சுரக்கும் பொருள்கள் எதிரியை வளரவிடாது. ஆனால் இவை காவலுக்கு ஆகுமே தவிர வைத்தியத்துக்கு ஆகாது. தாய்ச்செடியிலிருந்து வெட்டி நட்ட குச்சி வேர்விடும்போதே கொடுக்க வேண்டும். செடி சாய்ந்தபிறகு ஊற்றுவது வீண். அதைவிட வீண், காலையில் ட்ரைக்கோடெர்மாவும் மாலையில் பெராக்சைடும் விடுவது. நாமே விதைத்ததை நாமே கொல்கிறோம்.

இரண்டுக்கும் நடுவே ஒதுங்கி நிற்பது, கரைசலை மணல் வழியே மெதுவாக இறக்கும் மெதுமணல் வடிகட்டி. மணல் பரப்பில் படியும் உயிர்ப்படலம் பித்தியத்தை நன்றாகவே பிடிக்கும், ஃபியூசேரியத்தை அவ்வளவு பிடிக்காது. இடம் நிறைய கேட்கும்.

ரசாயனப் பூஞ்சைக்கொல்லியைப் பற்றி நீட்ட ஒன்றுமில்லை. புகைத்து உள்ளிழுக்கப்படும் பயிர் இது. மைக்ளோபியூட்டனில் போன்ற ஒன்றைச் சூடாக்கினால் ஹைட்ரஜன் சயனைடு வரும். அனுமதித்து வளர்க்கும் நாடுகளில் மருந்து மிச்சம் இருக்கிறதா என்று பார்க்கும் எச்சச் சோதனையும் கடுமை. போதாக்குறைக்கு, பூஞ்சையை மட்டும் குறிவைக்கும் பல மருந்துகள் பித்தியத்தைத் தொடுவதே இல்லை.

ஃபியூசேரியத்தில் இரு கட்சியுமே தோற்கும் இடம் ஒன்று உண்டு: தாய்ச்செடி. வெளியே பச்சைப்பசேலென்று நிற்கும் தாயின் தண்டுக்குள் நோய் இருந்தால், அதிலிருந்து எடுக்கும் ஒவ்வொரு குச்சியும் நோயோடுதான் தட்டில் நடப்படும். தண்ணீரை எவ்வளவு சுத்தம் செய்தாலும் அங்கே எட்டாது. குச்சியின் அடிவெட்டில் பழுப்பு தெரிந்தால் குச்சியை மட்டும் எறிந்து பயனில்லை, தாயையும் தொட்டியோடு வெளியேற்றிவிட்டு, கத்தியை அடுத்த செடியில் வைப்பதற்கு முன் ஆல்கஹாலில் முக்குங்கள்.