பழைய வீட்டுச் சுவருக்கு 'கெமிக்கல் ஏற்றுகிறேன்' என்று வருபவரிடம் உஷார்

கானாடுகாத்தான், பள்ளத்தூர், கொத்தமங்கலம் பக்கம் பழைய வீடு வைத்திருப்பவர்கள் இதைக் கொஞ்சம் படித்துவிடுங்கள். வெளிச்சுவர்ப் பூச்சு உப்பிப்போய், தட்டினால் தொம்தொம் என்கிறதா? "இடிக்கவே வேண்டாம் சார், உள்ளே கெமிக்கல் ஏற்றி ஒட்ட வைத்துவிடலாம், மேலே பட்டி பார்த்து பெயின்ட் அடித்தால் பத்து வருஷம் கேரண்டி" என்று பேசும் காண்ட்ராக்டர் வந்தால் காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள். எங்களிடம் ஒன்றரை லட்சத்துக்கு மேல் வாங்கினார். ஒரு மழைக்குக்கூட அந்த வேலை நிற்கவில்லை. புகார் கொடுத்திருப்பதால் பெயரைப் போடவில்லை. போட்டாலும் பெரிய பயனில்லை, இதே வித்தையைக் காட்டுகிறவர் அவர் ஒருவர் மட்டும் இல்லை.

எங்களுடையது ஐயா காலத்து வீடு. செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும்தான். மேற்குச் சுவரில் மட்டும் பழைய பூச்சின் மேல் எப்போதோ சிமெண்ட் பூசியிருக்கிறார்கள், உப்பியது அந்த இடம். தையில் கல்யாணம் வைத்திருந்ததால் பங்காளிகள் எல்லாரும் புள்ளிக்கு, அதாவது கல்யாணமான ஒரு குடும்பத்துக்கு, இவ்வளவு என்று போட்டு வேலையை விட்டோம். பொது வீட்டில் ஓர் ஆணி அடிக்கவே நாலு பேரிடம் கேட்க வேண்டும். இப்போது கேள்வி கேட்பதும் அதே நாலு பேர்தான், அது தனிக் கதை.

அவர் வந்தார், டேப்பைப் பிடித்து முழுச் சுவரையும் அளந்தார், போனில் படம் எடுத்தார். சுவரில் கை வைக்கவில்லை. 1,100 சதுர அடி, அடிக்கு 145 ரூபாய், ஆக 1,59,500 என்று கொட்டேஷன் வந்தது. உப்பியிருந்தது மொத்தத்தில் கால்வாசிகூட இருக்காது. அதைக் கேட்டதற்கு, "பிட்டு பிட்டாகச் செய்தால் கலர் சேராது சார்" என்றார். பூச்சு வேலையைக் கேட்டால் பெயின்டைப் பற்றிப் பதில் வருகிறது பாருங்கள்.

ஆட்கள் சாரம் கட்டி, உப்பிய இடங்களில் துளை போட்டு, பம்ப்பால் எதையோ ஏற்றினார்கள். கெமிக்கல் என்று சொன்னது பெரும்பாலும் சிமெண்ட் பால்தான், காலி மூட்டைகளை வீட்டைப் பார்த்துக்கொள்பவர் எடுத்து வைத்திருக்கிறார். கையோடு பெயர்ந்து வந்த இடங்களில் மட்டும் புதிதாகப் பூசினார்கள், அதுவும் உச்சிவெயிலில். ஈரம் காயுமுன் பட்டி, ப்ரைமர், எமல்ஷன். கல்யாணப் போட்டோவில் சுவர் ஜம்மென்று விழுந்திருக்கிறது, அதில் குறை சொல்ல முடியாது.

ஐப்பசி மழை பிடித்து விட்டு விட்டுப் பெய்தது. மேல் ஜன்னலுக்குக் கீழே கதவு அகலத்துக்கு ஒரு பாளம் அப்படியே சந்தில் விழுந்தது. பகலில் பிள்ளைகள் சைக்கிள் ஓட்டும் சந்து அது. நல்ல வேளை, விழுந்தது ராத்திரியில்.

விழுந்த துண்டைத் திருப்பிப் பார்த்தபோதுதான் விஷயமே புரிந்தது. பின்பக்கம் ஆத்தங்குடிக் கல் மாதிரி வழவழவென்று இருந்தது. அதில் நீலம் போட்டு அடித்த பழைய வெள்ளை, தாள் தாளாக ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. அதாவது அடிச்சுவரைக் கொத்தவே இல்லை, பழைய சுண்ணாம்பைச் சுரண்டவும் இல்லை, தூசியின் மேலேயே அப்பியிருக்கிறார்கள். சுவரில் செங்கல் அரித்துக் குழியாகிப்போன ஓர் இடம் இருந்தது. அதற்குள் என்ன இருந்தது தெரியுமா? கிழித்த சிமெண்ட் சாக்கு, உடைந்த நாட்டு ஓடு, ஒரு குட்கா பாக்கெட். எல்லாவற்றையும் திணித்து மேலே ஓர் அங்குலக் கலவையால் மூடியிருந்தார்கள்.

போன் போட்டால், "அது கட்டடத்தோட பிரச்சினை சார், கேரண்டி பெயின்டுக்குத்தான்" என்கிறார். காகிதத்தை எடுத்துப் படித்தால் கடைசி வரியில் பொடி எழுத்தில் அப்படியேதான் இருக்கிறது: பழைய பூச்சின் பலவீனத்தால் வரும் சேதம் இதில் சேராது. பலவீனமான பழைய பூச்சைச் சரிசெய்யத்தானே ஐயா உங்களைக் கூப்பிட்டோம்?

அப்புறம் ஊர்க் கொத்தனார் ஒருவரை அழைத்து வந்தோம். வயதானவர். கரண்டியின் பிடியால் சுவர் முழுக்கத் தட்டிக்கொண்டே போனார். கணீரென்ற இடத்தை விட்டுவிட்டார், தொம்மென்ற இடத்தைக் கரித்துண்டால் வட்டம் போட்டார். "தம்பி, சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கும், வெயிலில் விட்டுடும். மேல சிமெண்ட்டும் பிளாஸ்டிக் பெயின்டும் போட்டா எங்க விடும்?" என்றார். நூல் விரிசல் வழியாக உள்ளே போகும் தண்ணீர் வெளியேற வழியில்லாமல் சிமெண்டுக்குப் பின்னால் தங்குகிறது. உப்பு அங்கேயே பூத்துப் பூச்சைத் தள்ளுகிறது. சிமெண்ட் கெட்டி, அடியில் இருக்கும் பழைய செங்கல்லும் காரையும் மெத்து, வெயிலுக்கும் குளிருக்கும் இரண்டும் ஒரே மாதிரி அசையாது. பிடிப்பு விட்ட இடத்தில் சிமெண்ட் பாலை ஊற்றினால் தூசியில் எங்கே ஒட்டும்? பாரம்தான் கூடும்.

சுதை வேலைப்பாடு இருக்கும் இடத்தில், அதைப் பெயர்க்க மனமில்லாமல், சுண்ணாம்புக் குழம்பைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி ஒட்ட வைப்பது உண்மையிலேயே உண்டு. ஆனால் அது நிதானமான கைவேலை, சதுர அடிக் கணக்கில் நடக்காது. அதேபோல் விரிசலோ அசைவோ இல்லாத சின்ன உப்பலை இப்போதைக்குத் தொடாமலே விடலாம்.

மற்ற இடத்தில் கெட்டிப் பூச்சு வரும்வரை ஓரத்தை நேராக வெட்டி எடுக்க வேண்டும். செங்கல் இடுக்கில் உதிரும் காரையை அரை அங்குலம் அளவுக்குக் கிளறிவிட்டு, தூசி போகத் தேய்த்து, நன்றாக நனைக்க வேண்டும். நீற்றி ஊறவைத்த சுண்ணாம்பு ஒரு பங்கு, மணல் மூன்று பங்கு. ஒரே மூச்சில் கனமாக அப்பாமல் 10 மில்லிமீட்டர் சுமாருக்குப் பூசி, அது இறுகிய பிறகு அடுத்தது. மேற்குச் சுவரென்றால் ஈரச் சாக்கைத் தொங்கவிட்டு வெயிலை மறைக்க வேண்டும். மேலே சுண்ணாம்புதான் அடிக்க வேண்டும், எமல்ஷன் கூடாது. மழை வரும் முன் சில வாரமாவது அவகாசம் வேண்டும், அதனால் புரட்டாசியில் ஆரம்பிப்பது வீண். எல்லாவற்றுக்கும் முன்னால் ஓட்டுச் சரிவிலிருந்து தண்ணீர் எங்கே ஒழுகுகிறது என்று பார்க்கச் சொன்னார். எங்கள் வீட்டில் தூம்புக் குழாய் உடைந்து, தண்ணீர் அந்தச் சுவரிலேயே வடிந்துகொண்டிருந்தது. காண்ட்ராக்டரின் ஆட்கள் அந்தக் குழாய்க்கும் சேர்த்து பெயின்ட் அடித்துவிட்டுப் போயிருக்கிறார்கள்!

வெளிப்பூச்சுக்கு முட்டை வெள்ளைக்கரு என்று சொல்லி ரேட்டைக் கூட்டுபவரிடமும் ஜாக்கிரதை. அது கடைசி மெருகுப் பூச்சுக்குச் சேர்ப்பது.

கொட்டேஷன் கொடுக்க வருபவர் சுவரைத் தட்டிப் பார்க்கிறாரா என்று பாருங்கள். உப்பிய இடத்துக்கு மட்டும் அளவு போடச் சொல்லுங்கள். பழசைக் கொத்தி எடுத்த பிறகு, பூசுவதற்கு முன், போட்டோ எடுத்துக்கொண்டு அடுத்த தவணையைக் கொடுங்கள். ஏற்கெனவே ஏமாந்தவர்கள் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் பேசலாம், மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் மனுப் போடலாம். இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. சிவகங்கையில் எங்கள் மனுவோடு பில்லும் கேரண்டிக் காகிதமும் வைத்திருக்கிறோம். விழுந்த பாளத்தைக் கேட்டால் கொண்டுபோய்க் காட்டலாம் என்று சாக்கில் கட்டிப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.