580 என்ற பெயரை மட்டும் நம்பிப் பணம் கொடுக்காதீர்கள்: பழைய கிராபிக்ஸ் கார்டு வாங்குபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

விளம்பரத்தில் இருந்தது "ஆர்எக்ஸ் 580, 8ஜிபி, 256 பிட், ஜிடிடிஆர்5". கைக்கு வந்தது ஆர்எக்ஸ் 580 2048எஸ்பி. விளம்பரத்தில் சொன்ன நான்கு விஷயமும் உண்மை. சொல்லாமல் விட்ட "2048எஸ்பி" என்ற ஒட்டில்தான் மொத்த மோசடியும் இருக்கிறது. கொடுத்தது முழு 580-க்கான பணம், கிடைத்தது பெயர் மாற்றிய 570. போதாக்குறைக்கு அதன் பயாஸ் (கார்டின் வேகத்தையும் மின்னழுத்தத்தையும் தீர்மானிக்கும் உள் மென்பொருள்) மைனிங்குக்காக, அதாவது கிரிப்டோ நாணயம் ஈட்டும் கணக்கு வேலைக்காக, திருத்தப்பட்டிருந்தது. விற்றவரைக் கேட்டதற்கு, "580-னு சொன்னேன், 580-தான் சார் குடுத்திருக்கேன்" என்பதோடு பேச்சை முடித்துக்கொண்டார். பணம் திரும்பவில்லை. அடுத்தவர் தலையிலும் இதையே கட்டிவிடக் கூடாது என்பதற்காகத்தான் இந்தப் பதிவு.

ஏன் 580 தேர்வானது என்பதிலிருந்து தொடங்க வேண்டும், ஏனென்றால் ஏமாற்று நடப்பது அந்த ஒப்பீட்டை வைத்துத்தான். பழைய கார்டு தேடுபவர்கள் பெரும்பாலும் இரண்டு பெயர்களுக்கு நடுவில் வந்து நிற்பார்கள்: 2016 ஜூலையில் வந்த என்விடியா ஜிடிஎக்ஸ் 1060 6ஜிபி, 2017 ஏப்ரலில் வந்த ஏஎம்டி ஆர்எக்ஸ் 580 8ஜிபி. 1080பி-யில் இரண்டும் ஏறத்தாழ ஒரே உயரம். டைரக்ட்எக்ஸ் 12, வல்கன் (கேம் கார்டோடு பேசும் மென்பொருள் முறைகள்) கேம்களில் 580 பெரும்பாலும் சற்று முந்தும். பழைய டைரக்ட்எக்ஸ் 11 கேம்களில், அதுவும் ப்ராசஸர் பலவீனமாக இருந்தால், 1060 நிலையாக ஓடும். அந்த வகைக் கேம்களில் ஏஎம்டி டிரைவர் ப்ராசஸர் மீது ஏற்றும் சுமை அதிகம், காரணம் அதுதான். மெமரியில் 580-க்கு 2ஜிபி கூடுதல். மெமரி அலைவரிசை (பேண்ட்விட்த், தரவு போய்வரும் வேகம்) 580-இல் நொடிக்கு 256ஜிபி, 1060-இல் 192ஜிபி. இந்த எண்களையெல்லாம் பார்த்துவிட்டு "சரி, 580 எடுக்கலாம்" என்று முடிவுக்கு வருவதில் தவறே இல்லை.

ஆனால் இந்த எண்கள் எல்லாம் 2304 ஷேடர் (படத்தைக் கணக்கிடும் சிறு அலகுகள்) உள்ள 580-க்கு உரியவை. ஏஎம்டி 2018 அக்டோபரில் சீனச் சந்தைக்காக 580 2048எஸ்பி என்று ஒன்றை இறக்கியது. ஷேடர்களின் தொகுப்பான கம்ப்யூட் யூனிட் 36-க்குப் பதில் 32. ஷேடர் 2304-க்குப் பதில் 2048. பூஸ்ட் கிளாக் (சிப்பின் உச்ச வேகம்) 1340-இலிருந்து 1284 மெகாஹெர்ட்ஸ். மெமரி வேகமும் 8-இலிருந்து 7 கிகாபிட்டாக இறங்கியதால் அலைவரிசை 224ஜிபி. ஆர்எக்ஸ் 570-இல் இருப்பதும் இதே 2048 ஷேடர்தான், இதே 224ஜிபிதான். கணக்குப் போட்டால் கணக்கிடும் திறன் 580-க்கு 6.17 டெராஃப்ளாப்ஸ், இதற்கு 5.26. கேமில் வித்தியாசம் பத்து சதவீதத்தை ஒட்டி வரும். பத்துதானே என்று தோன்றலாம். 580-க்கும் 1060-க்கும் நடுவில் இருந்த இடைவெளியே அவ்வளவுதான் இருக்கும். எந்த நன்மைக்காக 1060-ஐ விட்டுவிட்டு 580-க்கு வந்தோமோ அந்த நன்மை முழுவதும் போய்விடுகிறது, 580-இன் அதிக மின்செலவு மட்டும் மிஞ்சுகிறது.

2048எஸ்பி மோசமான கார்டு இல்லை. 570 8ஜிபி விலைக்குக் கிடைத்தால் தாராளமாக வாங்கலாம். 580 விலைக்கு விற்பதுதான் அநியாயம்.

இதைக் கண்டுபிடிக்க ஜிபியு-இசட் என்ற சின்ன இலவச மென்பொருள் போதும். முதல் பக்கத்தில் மேலே இருக்கும் பெயரைப் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள். பெயரைப் பயாஸிலிருந்து மாற்றலாம். ஆர்எக்ஸ் 470, 480, 570, 580 நான்குக்கும் டிவைஸ் ஐடி ஒன்றே, 67டிஎஃப். அதனால் 570-இல் 580-இன் பயாஸை ஏற்றினால் விண்டோஸ் அதை 580 என்றே காட்டும். பார்க்க வேண்டியது அதே பக்கத்தில் கீழே உள்ள எண்கள். ஷேடர்ஸ் 2304, டிஎம்யு (டெக்ஸ்சர் அலகுகள்) 144, பேண்ட்விட்த் 256 என்று இருந்தால் 2304 ஷேடர் சிப்தான். ஷேடர்ஸ் 2048, டிஎம்யு 128 என்று இருந்தால் பெட்டியில் என்ன அச்சடித்திருந்தாலும் அது 570 வகைதான். ஸ்கிரீன்ஷாட் அனுப்பினால் ஏற்காதீர்கள், வேறொரு கார்டில் எடுத்ததை அனுப்புவது நிமிட வேலை. கார்டின் முதுகில் ஒட்டியிருக்கும் சீரியல் எண் ஸ்டிக்கரும், ஓடிக்கொண்டிருக்கும் ஜிபியு-இசட் திரையும் வெட்டு இல்லாத ஒரே வீடியோவில் வர வேண்டும் என்று கேளுங்கள். நேர்மையாக விற்பவருக்கு இதை எடுத்து அனுப்ப இரண்டு நிமிடம்கூட ஆகாது.

அடுத்தது மைனிங் பயாஸ். வாங்குபவர் பலரும் இதில்தான் விழுகிறார்கள், ஏனென்றால் விற்பவர் வீட்டில் கார்டு அழகாக ஓடும். எங்களிடம் வந்த கார்டும் அங்கே கேம் ஓட்டிக் காட்டப்பட்டதுதான். புதிதாக விண்டோஸ் போட்ட கணினியில் மாட்டி அதிகாரபூர்வ டிரைவரை நிறுவியதும் டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணம், கோட் 43. போலாரிஸ் (570, 580 கார்டுகளின் சிப் குடும்பம்) கார்டுகளில் பயாஸின் கையொப்பம் பொருந்தாவிட்டால் டிரைவர் இப்படித்தான் நின்றுவிடும். அந்தச் சரிபார்ப்பை மட்டும் முடக்கிவிடும் பேட்ச் ஒன்று மைனிங் ஆட்களிடம் புழக்கத்தில் உண்டு. விற்றவரின் கணினியில் அது ஏற்கெனவே போடப்பட்டிருந்தால் உங்கள் கண்ணுக்கு எந்தக் குறையும் தெரியாது. ஆகவே ஓட்டிப் பார்ப்பதாக இருந்தால் உங்கள் கணினியில், சுத்தமாக நிறுவிய டிரைவரில் ஓட்டிப் பாருங்கள். முடியாவிட்டால் கோட் 43 வந்தால் திருப்பி எடுத்துக்கொள்வேன் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

மைனிங் செய்தவர்கள் பயாஸில் என்னதான் மாற்றுகிறார்கள்? மெமரியின் ஒவ்வொரு வேகத்துக்கும் தனித்தனி டைமிங் அட்டவணை உண்டு, ஸ்ட்ராப் என்பார்கள். குறைந்த வேகத்துக்கான இறுக்கமான டைமிங்கை நகலெடுத்து அதிக வேகங்களுக்கும் ஒட்டிவிடுவார்கள். கோர் கிளாக்கைக் கீழே இறக்கி, மின்னழுத்தத்தைக் குறைத்து, மெமரியை மட்டும் விரட்டுவார்கள். மைனிங்கில் அவ்வப்போது ஒரு பிட் பிசகினால் ஒரு கணக்கு வீணாகும், அவ்வளவுதான், வேலை தொடரும். கேமில் அதே பிசகு திரையில் மின்னும் புள்ளிகளாக, சதுரங்கக் கட்டம்போன்ற திட்டுகளாக வரும், இல்லையென்றால் கேமே மூடிக்கொள்ளும். எங்கள் கார்டில் ஜிபியு-இசட் காட்டிய டீஃபால்ட் கிளாக் வெறும் 1150 மெகாஹெர்ட்ஸ். 1284 இருக்க வேண்டிய இடத்தில் 1150 என்றால் பயாஸில் கைவைத்திருக்கிறார்கள் என்று அப்போதே தெரிந்துகொள்ளலாம். ஹெச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளில் ஜிபியு மெமரி எரர்ஸ் என்று ஒரு வரி இருக்கிறது. கேம் ஓடும்போது அது பூஜ்யத்திலேயே நிற்க வேண்டும். அந்த எண் ஏறிக்கொண்டே போனால் மெமரியில் சிக்கல்.

இதைச் சரிசெய்ய முடியும், நிதானம் வேண்டும். பணம் திரும்பக் கேட்கும் எண்ணம் இருந்தால் அதை முடித்துவிட்டுத்தான் இதில் இறங்க வேண்டும். முதலில் இருக்கும் பயாஸை, அது எவ்வளவு கெட்டுப்போனதாக இருந்தாலும், ஜிபியு-இசட்டில் பயாஸ் வெர்ஷன் பக்கத்திலுள்ள அம்புக்குறியை அழுத்திச் சேமித்து வையுங்கள். பிறகு மெமரி டைப் வரியில் அடைப்புக்குள் இருக்கும் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள்: சாம்சங், ஹைனிக்ஸ், மைக்ரான், எல்பிடா, இவற்றில் ஒன்றாக இருக்கும். உங்கள் கார்டின் அதே மாடலுக்கும் அதே மெமரி கம்பெனிக்கும் உரிய அசல் பயாஸைத்தான் ஏஎம்டிவிபிஃப்ளாஷ் மென்பொருள் கொண்டு ஏற்ற வேண்டும். மெமரி கம்பெனி மாறினால் கருப்புத் திரை வரலாம். கார்டின் மேல் விளிம்பில் சின்ன சுவிட்ச் இருந்தால் அது இரட்டை பயாஸ். கணினியை அணைத்து, சுவிட்சை மாற்றி, திரும்ப இயக்கினால் இரண்டாவது பயாஸில் எழும்பும். சிலருக்கு அதில் அசல் பயாஸ் அப்படியே இருந்து வேலை முடிந்துவிடும். எங்கள் கார்டில் இரண்டிலுமே கைவைத்திருந்தார்கள். சரியான பயாஸை ஏற்றியதும் டிரைவர் ஒழுங்காக ஓடியது, மெமரி எரரும் மறைந்தது. ஷேடர் மட்டும் 2048-தான். சிப்பிலேயே அணைத்துவிட்டதைப் பயாஸ் மாற்றித் திறக்க முடியாது.

2022 செப்டம்பர் 15-இல் எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயம் மைனிங் முறையைக் கைவிட்டபின் இப்படிப்பட்ட கார்டுகள் மூட்டை மூட்டையாகக் கைமாறின. பளபளப்பான புதிய பெட்டியைப் பார்த்து மயங்க வேண்டாம். பழைய கார்டிலிருந்து எடுத்த சிப்பைப் புதிய போர்டில் பற்றவைத்து "புத்தம் புதுசு" என்று விற்பதும் நடக்கிறது. கையில் வாங்கியதும் ஹீட்சிங்க்கின் பக்கவாட்டைப் பாருங்கள். தெர்மல் பேடிலிருந்து கசிந்த எண்ணெய் போர்டில் பிசுபிசுவென்று மஞ்சளாகப் படிந்திருந்தால் நீண்ட நாள் சூட்டில் கிடந்த கார்டு. பின்புறம் சிப்பைச் சுற்றியுள்ள நான்கு திருகுகளின் தலை தேய்ந்திருந்தால் யாரோ பிரித்திருக்கிறார்கள். சிப்பின் சூட்டைக் கடத்தும் பேஸ்ட்டை மாற்றப் பிரித்திருந்தால் நல்லதுதான், எதற்கு என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஃபேனை விரலால் மெல்லச் சுற்றி விட்டால் சில சுற்றுகள் தடையில்லாமல் ஓடி நிற்க வேண்டும். தொட்டதும் நின்றாலோ மேலும் கீழும் ஆடினாலோ பேரிங் தேய்ந்துவிட்டது.

1060 பக்கம் போனால் தப்பித்துவிடலாம் என்று நினைக்க வேண்டாம். அங்கும் பெயர்தான் பொறி. 1060 3ஜிபி என்பது 6ஜிபி கார்டில் மெமரியை மட்டும் பாதியாக்கியது என்று பலர் நினைக்கிறார்கள். அதில் கோரும் குறைவு, 1280-க்குப் பதில் 1152. 3ஜிபி நிரம்பியதும் டெக்ஸ்சர்கள் கணினியின் ரேமுக்குத் தள்ளப்படும். கார்டின் மெமரியிலிருந்து நொடிக்கு 192ஜிபி வேகத்தில் வந்த தரவு, பிசிஐஇ 3.0 வழியே 16ஜிபிக்கும் குறைவான வேகத்தில் வர வேண்டியிருக்கும். சராசரி எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை பிரேம்) நன்றாகத் தெரியும், ஆனால் திரும்பும் இடமெல்லாம் கேம் திக்கித் திக்கி நிற்கும். விற்பவர் காட்டும் வீடியோவில் சராசரி மட்டும்தான் இருக்கும், 1 சதவீத லோ, அதாவது மிக மெதுவான 1 சதவீதப் பிரேம்களின் வேகம், இருக்காது. இன்றைக்கு 3ஜிபி கார்டை எந்த விலைக்கும் பரிந்துரைக்க மனம் வரவில்லை. 5ஜிபி என்றும் ஒன்று சீனத்தில் வந்தது. கோர் 1280 முழுதாக இருக்கும், ஆனால் மெமரிப் பாதை (பஸ்) 160 பிட்தான். வெறுமனே "1060" என்று மட்டும் போட்டிருந்தால் எத்தனை ஜிபி என்று கேட்காமல் கிளம்பாதீர்கள்.

முழுப் போலியும் உண்டு. 2010, 2011 காலத்து ஜிடிஎஸ் 450, ஜிடிஎக்ஸ் 550டிஐ கார்டுகளில் திருத்திய பயாஸ் ஏற்றி 1050டிஐ, 1060 என்று விற்பார்கள். உள்ளே இருப்பது 192 கோர். பின்பக்கம் நீல நிற விஜிஏ போர்ட் இருந்தால் கார்டைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், 1060, 1050டிஐ-யின் பாஸ்கல் சிப்பில் அனலாக் வெளியீடே கிடையாது. ஜிபியு-இசட் 2.12 பதிப்பிலிருந்து இந்தப் போலிகளைப் பெயருக்கு முன்னால் ஃபேக் என்று குறித்துக் காட்டிவிடும். "நான் தரும் டிரைவரைத்தான் போட வேண்டும்" என்று விற்பவர் வற்புறுத்தினால் அதுவே போதுமான அடையாளம்.

கார்டு உங்கள் கணினிக்கு வந்ததும் அன்றே மூன்று சோதனை. ஜிபியு-இசட்டில் பஸ் வரிக்குப் பக்கத்தில் உள்ள கேள்விக்குறியை அழுத்தி ரெண்டர் டெஸ்ட் ஓடவிட்டால், மதர்போர்டும் 3.0 ஆக இருந்தால், x16 3.0 என்று வர வேண்டும். சுமை இல்லாதபோது 1.1 என்று காட்டுவது இயல்பு, பயப்பட வேண்டாம். பிறகு ஓசிசிடி மென்பொருளில் விராம் (கார்டின் மெமரி) டெஸ்ட்டை முழு மெமரிக்கும் ஓட்டுங்கள். 4ஜிபி கார்டை 8ஜிபி என்று காட்டியிருந்தால் பாதியைத் தாண்டும்போது மாட்டிக்கொள்ளும். கடைசியாக யூனிஜின் ஹெவன் என்ற சோதனை மென்பொருளை அரை மணி நேரம் விட்டுவிட்டு கிளாக்கையும் வெப்பத்தையும் பாருங்கள். பத்து நிமிடத்தில் 1340 இருந்தது 1100-க்கு இறங்கினால் பேஸ்ட் காய்ந்திருக்கலாம்.

மின்சாரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 1060-க்கு 120 வாட், ஒரு 6 பின். 580-க்கு 185 வாட், 8 பின். பவர் சப்ளையில் 8 பின் இல்லையென்று மோலக்ஸ் கனெக்டரிலிருந்து மாற்றி மாட்டாதீர்கள். மோலக்ஸில் 12 வோல்ட்டுக்கு ஒரே ஒரு கம்பிதான் இருக்கிறது, சூடேறி உருகியிருக்கிறது. பழைய 400 வாட் சப்ளையும் பழைய ப்ராசஸரும்தான் இருக்கின்றன என்றால் எங்கள் தேர்வு 1060 6ஜிபி. நல்ல 500 வாட் சப்ளையும் ஓரளவு புதிய ப்ராசஸரும் இருந்தால் 2304 ஷேடர் 580 8ஜிபி. எதை எடுத்தாலும் இரண்டிலும் ஹார்ட்வேர் ரே டிரேசிங் (ஒளிக்கதிர்களைக் கணக்கிட்டு வெளிச்சம் காட்டும் வசதி) இல்லை, மெஷ் ஷேடர் (வடிவங்களை உருவாக்கும் புதிய முறை) இல்லை. இவற்றைக் கட்டாயமாகக் கேட்கும் புதிய கேம்கள் ஓடாது, ஓடினாலும் பார்க்கச் சகிக்காது. பாஸ்கலுக்குக் கேம் ரெடி டிரைவரை என்விடியா 2025 அக்டோபரோடு நிறுத்திக்கொண்டது, 2028 அக்டோபர் வரை பாதுகாப்புத் திருத்தம் மட்டும் வரும். ஏஎம்டி போலாரிஸை 2023-லேயே தனி டிரைவர் வரிசைக்கு ஒதுக்கிவிட்டது. விலை பேசும்போது இதையும் சேர்த்துப் பேசுங்கள்.

ஏற்கெனவே 2048எஸ்பி கையில் வந்து மாட்டிக்கொண்டவர்கள் கார்டைப் பிரிக்காதீர்கள், பயாஸையும் மாற்றாதீர்கள். ஷேடர்ஸ் 2048 என்று காட்டும் திரையையும் சீரியல் ஸ்டிக்கரையும் ஒரே படத்தில் எடுத்து, விளம்பரத்தின் படத்தோடு சேர்த்து அன்றே அனுப்பி, முழுப் பணம் அல்லது 570-க்கும் 580-க்கும் உள்ள வித்தியாசத்தைக் கேளுங்கள். எங்கள் தவறு, பயாஸைச் சரிசெய்துவிட்டுப் பிறகு பணம் கேட்டதுதான். "நீங்கள் கைவைத்த கார்டு" என்று சொல்ல அவருக்கு அது ஒன்றே போதுமானதாகிவிட்டது.