லோலா, ஓஎம்ஜியா?

சாட்டில் போடும் லோல் (LOL), ஓஎம்ஜி (OMG) இரண்டுமே ஆங்கிலத்தில் மூன்றெழுத்துச் சுருக்கம்தான். ஆனால் ஓஎம்ஜி ஆளைக் கவிழ்க்காது, லோல் கவிழ்த்துவிடும்.

ஓஎம்ஜி என்றால் 'ஓ மை காட்', அதாவது 'ஐயோ கடவுளே'. வேறு அர்த்தம் எடுக்க வழியில்லை. இந்தக் காலத்துப் பிள்ளைகள் கண்டுபிடித்தது என்று நினைத்துவிடாதீர்கள். பிரிட்டிஷ் அட்மிரல் ஜான் ஃபிஷர் 1917-இலேயே சர்ச்சிலுக்கு எழுதிய கடிதத்தில் இதைப் போட்டு, பக்கத்திலேயே விரிவும் எழுதியிருக்கிறார்.

லோல் கதை வேறு. 'லாஃபிங் அவுட் லவுட்', வாய்விட்டுச் சிரிக்கிறேன் என்று பொருள். இதை 'லாட்ஸ் ஆஃப் லவ்' என்று எடுத்துக்கொண்டவர்களும் உண்டு. பிரிட்டன் பிரதமராக இருந்த டேவிட் கேமரூனே அப்படி நினைத்துக் குறுஞ்செய்திகளின் கீழே போட்டிருந்தார். 2012-இல் ஒரு விசாரணையில் விஷயம் வெளியே வந்தது. 'பாட்டி தவறிவிட்டார், லோல்' என்று ஒரு செய்தி வந்தால் எப்படி இருக்கும்? அப்புறம், இப்போது லோல் போடுகிற பலர் நிஜமாகச் சிரிப்பதுகூட இல்லை. 'சும்மா சொன்னேன், கோபப்படாதே' என்பதற்குப் பதிலாகத்தான் போடுகிறார்கள்.

இரண்டையும் ஆக்ஸ்ஃபோர்டு அகராதி 2011-இல் சேர்த்துக்கொண்டது. சந்தேகம் வந்தால் நான் ஓஎம்ஜி பக்கம். துக்கச் செய்திக்கு மட்டும் அதுவும் வேண்டாம், முழு வார்த்தையிலேயே எழுதிவிடுங்கள்.