ஃபீட் பம்ப் மாற்றும் முன் பிரைமரைப் பாருங்கள்

பழைய ஹினோ இன்ஜின் லேலண்ட் லாரிக்கு ஃபீட் பம்ப் மாற்றணும், கம்பெனி பம்ப் வாங்கலாமா, பாதி விலைக்குக் கிடைப்பதை மாட்டலாமா, இல்லை பழையதற்கே ரிப்பேர் கிட் போட்டு ஓட்டலாமா என்று நண்பர் கேட்டார். இன்ஜினுக்கு டீசல் பீய்ச்சும் இன்லைன் பம்ப்பின் பக்கவாட்டில் உட்கார்ந்து, டேங்கிலிருந்து டீசலை உறிஞ்சி ஃபில்டர் வழியாக அதற்கு அனுப்பும் பிஸ்டன் வகை பம்ப்தான். நேரே குறைக்கு வருகிறேன்.

கம்பெனி பம்ப்பின் பாடி, ஸ்பிண்டில் (பிஸ்டனைத் தள்ளும் கம்பி), பிஸ்டன் மூன்றிலும் குறை சொல்ல இடமில்லை. வருஷக்கணக்கில் லோடு அடித்தாலும் டெலிவரி சோர்வதில்லை. உயிரை எடுப்பது அதன் தலையில் இருக்கும் ஹேண்ட் பிரைமர், அதாவது லைனில் காற்றை வெளியேற்றக் கையால் அடிக்கும் குட்டி பம்ப். குமிழைத் திருகி இறுக்கினால் சீல் உட்கார்ந்து அடைக்க வேண்டும். உள்ளே இருக்கும் ரப்பர் ரிங் சூட்டிலும் டீசலிலும் கிடந்து கட்டையாகிவிட்டால், எத்தனை இறுக்கினாலும் அடைக்காது. இவ்வளவு நேர்த்தியான பம்ப்புக்கு இப்படி ஒரு பிரைமரா என்று ஒவ்வொரு தடவையும் கோபம்தான் வருகிறது.

பிரைமர் இருப்பது உறிஞ்சும் பக்கம். வண்டி ஓடும்போது டீசல் வெளியே சொட்டாமலே காற்று உள்ளே போகலாம். அதனால் ஈரத்தை மட்டும் தேடிப் பயனில்லை. காலையில் செல்ஃப் நீளமாக அடிக்கும், தொப்பூர் கணவாய் மாதிரி ஏற்றத்தில் லோடோடு பிக்கப் விழும். பட்டறையில் உடனே "பம்ப் போச்சு" என்று விடுவார்கள்.

போனது பம்ப்தானா என்று பார்க்க வழி இருக்கிறது. முதலில் டேங்க் மூடியைத் திறங்கள். 'புஸ்' என்று காற்றை இழுத்தால் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது, அதைச் சுத்தம் செய்தாலே சில வண்டிகள் சரியாகும். அடுத்து, சுத்தமான கேனில் டீசல் ஊற்றி பம்ப்புக்குக் கீழே வையுங்கள். அதிலிருந்து நேராக பம்ப்பின் இன்லெட்டுக்கு ட்ரான்ஸ்பரன்ட் ஹோஸ் போட்டு ஓட்டிப் பாருங்கள். கோளாறு காணாமல் போனால் குற்றம் டேங்க் பைப்பிலோ லைனிலோ இருக்கிறது. அப்படியும் போகவில்லை என்றால் பம்ப்புக்கும் ஃபில்டருக்கும் நடுவே அதே ஹோஸைப் போடுங்கள். காற்றுக் குமிழி ஓடினால் பிரைமரின் கழுத்தைச் சுற்றிக் கொஞ்சம் டீசல் ஊற்றுங்கள். ஊற்றிய நேரம் குமிழி நின்றால் குற்றவாளி பிரைமர்தான்.

பிரஷர் பார்க்க ஃபில்டருக்கு முன்னால் டீ (மூன்று வாய் இணைப்பு) போட்டு 0–4 பார் கேஜ் மாட்டினால் போதும். சுமார் 1 முதல் 1.5 பார் நிற்க வேண்டும். குறைந்தால் ரிட்டர்ன் லைனை ஒரு கணம் அடையுங்கள். முள் ஏறினால் பம்ப் நன்றாக இருக்கிறது, மிச்ச டீசலை டேங்குக்குத் திருப்பிவிடும் ஓவர்ஃப்ளோ வால்வின் ஸ்பிரிங்தான் தளர்ந்திருக்கிறது. இதைப் பார்க்காமலே நல்ல பம்ப்பைத் தூக்கிப் போட்டவர்கள் நாமக்கல், சங்ககிரி பக்கம் நிறையப் பேர்.

பம்ப்பையே மாற்ற வேண்டிய கோளாறு ஒன்று உண்டு: ஸ்பிண்டில் தேய்வது. ஸ்பிண்டில் அந்தப் பாடியின் துளைக்கென்றே பொருத்தி அரைத்தது. தேய்ந்தால் டீசல் அதன் வழியாக இன்லைன் பம்ப்பின் கேம் அறைக்குள் இறங்கும். இன்ஜின் ஆயிலில் ஓடும் பம்ப்பாக இருந்தால் டிப்ஸ்டிக்கில் லெவல் ஏறும், டீசல் வாடை அடிக்கும். அந்த ஆயிலோடு ஓட்டினால் பேரிங் போய்விடும். கிட்டில் வரும் புது ஸ்பிண்டிலைத் தேய்ந்த துளையில் போட்டால் கசிவு நிற்காது. மலிவுப் பம்ப்பில் பெரும்பாலும் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். வாங்கும்போதே இன்லெட்டை விரலால் அடைத்து, டேப்பெட்டை (கேம் தள்ளும் முனையை) அழுத்திவிட்டுக் கையை எடுங்கள். விரலை இழுத்துப் பிடிக்க வேண்டும், டேப்பெட் சொரசொரப்பில்லாமல் திரும்ப வேண்டும். இழுக்காத பம்ப்பைக் கடையிலேயே திருப்பிக் கொடுங்கள்.

ஃபீட் பம்ப்பின் உள்ளே இருக்கும் வால்வு மட்டும் உட்காரவில்லை என்றால் கழற்றிக் கழுவி, ஸ்பிரிங்கோடு புதுசு போட்டால் போதும்.

மாட்டும்போது கேஸ்கெட்டை இரட்டையாகப் போடாதீர்கள், ஸ்ட்ரோக் குறையும். கேம் இறங்கிய நிலையில் வைத்து நட்டுகளை மாற்றி மாற்றி இறுக்குங்கள். டீசல் பைப்பைப் பிடிக்கும் பான்ஜோ போல்ட்டுக்குக் காப்பர் வாஷர் ஒவ்வொரு தடவையும் புதுசு. இன்லெட் வலையைக் கழுவ மறக்க வேண்டாம். பிறகு ஃபில்டர் தலையின் காற்று எடுக்கும் ஸ்க்ரூவைத் தளர்த்தி, நுரை நின்று டீசல் தெளிவாக வரும்வரை பிரைமரை அடித்து, அடித்துக்கொண்டே இறுக்குங்கள். அடுத்து இன்லைன் பம்ப்பின் ஸ்க்ரூவிலும் இதே மாதிரி. துணி ஃபில்டர், பேப்பர் ஃபில்டர் இரண்டும் மாற்றிய அன்று இதற்கு அதிக நேரம் பிடிக்கும், பொறுமை வேண்டும்.

நண்பருக்குச் சொன்னது: கம்பெனி பம்ப்தான் இருப்பதிலேயே நல்ல பம்ப். ஆனாலும் முழுசாக வாங்க வேண்டாம். ஸ்பிண்டில் கசியாத வரை பழைய பாடி ஓடட்டும், பிரைமரை மட்டும் தனியாக வாங்கி மாட்டுங்கள். கூடவே இன்னொரு பிரைமரும் நாலு காப்பர் வாஷரும் டூல் பாக்ஸில் கிடக்கட்டும்.