அல்கலைன் டயட்: ரெண்டு வருஷத்துக்கு மேல இருந்து பாத்தவனோட அனுபவம்

கறி, முட்டைய குறைச்சு காய், கீரை, பழத்த கூட்டி உடம்புல ஆசிட் சேராம பாத்துக்கலாம்ங்குறதுதான் அல்கலைன் டயட். இத பத்தி கேட்டா பாதி பேரு கேன்சரே வராதுங்குறான், மீதி பேரு சுத்த ஏமாத்து வேலைங்குறான். நான் ரெண்டு வருஷத்துக்கு மேல இதுல இருக்கேன், இன்னமும் முக்காவாசி ஃபாலோ பண்றேன், ஆனா இத விக்கிறவங்க சொல்ற காரணத்துக்காக இல்ல.

எனக்கு ஆரம்பமே கிட்னி ஸ்டோன்தான். வெளிய வந்த கல்ல லேப்ல குடுத்துப் பாத்ததுல யூரிக் ஆசிட் கல்லுன்னு ரிப்போர்ட் வந்துச்சு. யூரின் பிஎச் (ஆசிட்டா அல்கலைனான்னு காட்டுற நம்பர், 7க்கு கீழ ஆசிட், மேல அல்கலைன்) 5.5க்கு கீழயே இருந்தா இந்தக் கல்லு சேரும், 6லருந்து 6.5 பக்கம் வச்சிருந்தா சேராது, உள்ள மிச்சம் இருந்தாலும் கொஞ்சம் கொஞ்சமா கரையும்னு டாக்டர் சொல்லி யூரின் ஆசிட்ட குறைக்கிற சிட்ரேட் சிரப் எழுதிக் குடுத்தாரு, தண்ணி நல்லா குடிங்க, கறிய குறைங்கன்னாரு. அவ்ளோதான் மேட்டர். வீட்டுக்கு வந்து போன்ல பிஎச்னு தேடினேன் பாருங்க, அல்கலைன் உலகம் மொத்தமும் வந்து கொட்டிருச்சு.

அவங்க தியரி என்னன்னா, நாம திங்கிறதெல்லாம் ரத்தத்த ஆசிட் ஆக்குதாம், அதுலருந்துதான் சகல வியாதியுமாம். ஆனா உண்மைல ரத்தத்தோட பிஎச் 7.35லருந்து 7.45க்குள்ளதான் நிக்கும், நீங்க ஞாயித்துக்கிழமை மட்டன் தின்னாலும் அமாவாசைக்கு கீரை தின்னாலும் அதே ரேஞ்சுதான், நுரையீரலும் கிட்னியும் ரத்தத்துல ஆசிட்ட சமன் பண்ற பைகார்பனேட்டும் சேந்து அத பிடிச்சு வச்சிருக்கு. அந்த ரேஞ்ச விட்டு நல்லா வெளிய போச்சுன்னா டயட் பாத்துட்டு இருக்க முடியாது, ஐசியூலதான் படுக்கணும். வார்பர்க்னு ஒரு விஞ்ஞானி, அல்கலைன் உடம்புல கேன்சர் வாழாதுன்னு கண்டுபிடிச்சு 1931ல நோபல் வாங்குனாருன்னு ஒரு ஃபார்வர்டு எல்லா குடும்ப க்ரூப்லயும் சுத்துது. நோபல் வாங்குனது உண்மை, ஆனா அது உடம்புல இருக்குற செல்லு மூச்சு விடுறதுக்கு உதவுற என்சைம் பத்தின ஆராய்ச்சிக்கு. இந்த டயட்ட பெருசா பரப்புன அமெரிக்கக்காரரு ராபர்ட் ஓ. யங், கலிஃபோர்னியால லைசென்ஸ் இல்லாம வைத்தியம் பாத்ததுக்கு 2016ல குற்றவாளின்னு தீர்ப்பாகி அடுத்த வருஷம் ஜெயில் தண்டனையும் வாங்குனாரு. அந்த ஃபார்வர்ட்ல இதெல்லாம் வராது.

அடுத்தது குடிக்கிற தண்ணிய அல்கலைன் ஆக்குற மெஷின். தூரத்து சொந்தத்துல ஒரு அண்ணன் ஏஜென்ட்டா இருக்காரு, லட்சத்துக்கு மேல விலை. வீட்டுக்கே டெமோ காட்ட வந்துட்டாரு. ரெண்டு கண்ணாடி டம்ளர், ஒண்ணுல எங்க ஆர்ஓ தண்ணி, இன்னொண்ணுல மெஷின் தண்ணி, ரெண்டுலயும் ஒரு சின்ன பாட்டில்லருந்து, பிஎச்சுக்கு ஏத்த மாதிரி கலர் மாறுற மருந்து நாலஞ்சு சொட்டு விட்டாரு. எங்க தண்ணி மஞ்சளா போச்சு, அவரு தண்ணி ஊதா கலரு. எங்கம்மா அசந்துட்டாங்க. என் பொண்ணு காலேஜ்ல கெமிஸ்ட்ரி படிக்கிறா, ஒரு ஸ்ட்ரா எடுத்துட்டு வந்து "பெரியப்பா ஒரு நிமிஷம்"னு சொல்லி அந்த ஊதா தண்ணிக்குள்ள ஊத ஆரம்பிச்சா. ஊதா நீலமாச்சு, நீலம் பச்சையாச்சு, இன்னும் கொஞ்சம் மூச்சு கட்டி ஊதுனதும் மஞ்சள் பக்கமே வந்துருச்சு. நாம விடுற மூச்சுல இருக்குற கார்பன் டை ஆக்சைடு தண்ணில கரைஞ்சா ஆசிட், அவ்ளோதான். நாள் பூரா நுரையீரல் ஆசிட்ட வெளிய ஊதிக்கிட்டேதான் இருக்குங்குறத நான் எங்கயும் இவ்வளவு தெளிவா பாத்ததில்ல. அண்ணன் காபி குடிச்சிட்டு கெளம்பிட்டாரு, கோவம்லாம் இல்ல, ஆனா இன்னும் மாசாமாசம் ஆஃபர் மெசேஜ் வரும். அந்தத் தண்ணிய குடிச்சாலும் வயித்துல பிஎச் 1.5லருந்து 3.5 வரைக்கும் இருக்குற ஆசிட்ல போயி விழுந்தா அதோட அல்கலைன் தன்மை அங்கயே முடிஞ்சுரும்.

சரி, அப்புறம் ஏன் இன்னும் ஃபாலோ பண்றேன்னா, ரத்தம் மாறாது, யூரின் மாறும். கிட்னி வெளிய தள்ளுற ஆசிட் அங்கதான வரணும். எனக்கு பிரச்சனையும் அங்கதான். க்ளோட் பெர்னார்ட்ங்குற பிரெஞ்சு விஞ்ஞானி 19ஆம் நூற்றாண்டுலயே முயலுங்கள வச்சு இத பாத்துட்டாரு, புல்லு திங்கிறப்ப கலங்கலா அல்கலைனா இருந்த முயல் மூத்திரம், பட்டினி போட்டாலோ கறி குடுத்தாலோ தெளிஞ்சு ஆசிட் ஆயிருச்சு. 1995ல ரெமர், மான்ஸ்னு ரெண்டு ஜெர்மன்காரங்க எந்த சாப்பாடு கிட்னிக்கு எவ்ளோ ஆசிட் வேலை வைக்கும்னு நூறு கிராமுக்கு கணக்கு போட்டு டேபிளே போட்டாங்க. ப்ளஸ்னா ஆசிட், மைனஸ்னா அல்கலைன். முட்டை மஞ்சக்கரு ப்ளஸ் 23.4, கோழிக்கறி 8.7, பால் கிட்டத்தட்ட சைபர், வாழைப்பழம் மைனஸ் 5.5, பாலக் கீரை மைனஸ் 14, உலர் திராட்சை மைனஸ் 21. எலுமிச்சை சாறு கூட மைனஸ்தான், ஏன்னா அதுல இருக்குற சிட்ரேட் உடம்புல எரிஞ்சு பைகார்பனேட்டா மாறிடும். எங்கம்மாவுக்கு இது இன்னும் செமிக்கல, "புளிக்கிறது எப்படிடா ஆசிட் இல்லாம போகும்"ம்பாங்க. நாக்குக்கு ஆசிட்தான், பல்லுக்கும் ஆசிட்தான், தினமும் எலுமிச்சை தண்ணி குடிச்சு எனக்கு பல்லு கூச ஆரம்பிச்சு இப்ப ஸ்ட்ரா வச்சுதான் குடிக்கிறேன், குடிச்சதும் வாய கொப்பளிச்சுடுவேன்.

நான் மாத்துனது பெருசா ஒண்ணுமில்ல. காலைல வெண்பூசணி ஜூஸ் (வீட்டம்மாவுக்கு இந்த மிக்ஸி கழுவுற வேலைதான் கடுப்பு), மதியம் சோறு பாதியாக்கி பொரியலும் கூட்டும் டபுள், கறி மீன் வாரத்துல ஒரு நாளு, ராத்திரி பரோட்டா கட். மெடிக்கல்ல கெடைக்கிற யூரின் பிஎச் ஸ்ட்ரிப் வச்சு பாத்துட்டே வந்தேன். சண்டே மட்டன் குழம்பும் சுக்காவும் சாப்பிட்டா திங்கக்கிழமை காலைல ஸ்ட்ரிப் பளிச்சுன்னு ஆரஞ்சு, 5தான். காய் ஒழுங்கா சாப்பிட்ட நாள்ல பச்சை தட்டும், 6.5 கிட்ட. சிரப்ப டாக்டர் சொல்லித்தான் குறைச்சேன், நானா நிறுத்தல. கடைசி ஸ்கேன்ல புதுசா கல்லு இல்ல. வெயிட்டும் கொறைஞ்சுது, ஆனா அதுக்கு அல்கலைன் காரணம் இல்லீங்க, பரோட்டாவும் சாயங்கால பஜ்ஜியும் போனதுதான் காரணம். நெஞ்செரிச்சலும் இதுல சரியாகும்னு நெனச்சு வராதீங்க, அது வேற ஆசிட், வயித்துக் கதை, எனக்கு அது அப்படியேதான் இருக்கு.

இந்த அல்கலைன் லிஸ்ட் போடுறவங்க ஏன்தான் விட்டுடுறாங்களோ தெரியல, பாலக் அவ்ளோ மைனஸா இருக்கே தவிர கால்சியத்தோட சேந்து கல்லாகுற ஆக்சலேட் அதுல ஏகப்பட்டது, கால்சியம் ஆக்சலேட் கல்லு வந்தவங்க அத அள்ளிப் போட்டா வம்பு. யூரின் 7க்கு மேலயே போயி நின்னுச்சுன்னா கால்சியம் பாஸ்பேட் கல்லு சேர வாய்ப்பு இருக்கு, அதனால எவ்ளோ அல்கலைனோ அவ்ளோ நல்லதுன்னு கெடையாது. மொதல்ல உங்க கல்லு என்ன கல்லுன்னு லேப்ல கேளுங்க. கிட்னி வீக்கா இருந்து கிரியாட்டினின் (கிட்னி சரியா வடிகட்டலன்னா ரத்தத்துல ஏறுற கழிவு) ஏறி இருக்குறவங்க இளநி, வாழைப்பழம், ஜூஸ்னு எறங்கவே கூடாது, பொட்டாசியம் ஏறி இதயத்துலயே கை வச்சுரும். ஆப்ப சோடாவ தண்ணில கலக்கி குடிக்க சொல்ற வீடியோவும் நெறைய ஓடுது, அது பூராவும் சோடியம், பிபி இருக்குறவங்க கிட்டவே போவாதீங்க.

செலவு கேட்டாங்க ஒருத்தங்க. காய்கறி செலவு கூடிருச்சு, கறி செலவு கொறைஞ்சுருச்சு, சரிக்கு சரி. கஷ்டம்னா கல்யாண சீசன்தான், பந்தில உக்காந்துட்டு பிரியாணிய பாத்துட்டு கூட்டு மட்டும் வைங்கன்னா சமையக்காரரே ஒரு மாதிரி பாக்குறாரு, அன்னிக்கெல்லாம் நானும் சாப்பிட்டுடுவேன், மறுநாள் தண்ணி கூட குடிப்பேன். ஸ்ட்ரிப் வாங்குனா அந்த டப்பாவ பாத்ரூம் செல்ஃப்ல வைக்காதீங்க, ஈரம் பட்டா கலர் தப்பா காட்டும், மூடிய இறுக்கி மூடி பீரோல வைங்க.