பழைய துணியை எங்கே கொடுப்பது: சாரிட்டி ஷாப்பா, வின்டட்டா, கார் பார்க் பெட்டியா?

வீடு மாறும்போதுதான் எவ்வளவு சேர்த்து வைத்திருக்கிறோம் என்பதே தெரிகிறது. பிள்ளைகளுக்குச் சின்னதாகிப்போன கோட்டுகள், ஒரே கல்யாணத்துக்குக் கட்டிய சேலைகள், பெட்டி பிரிக்காத கோப்பை செட்டுகள். லண்டனில் இவற்றைக் கழிக்க மூன்று வழிகள் இருக்கின்றன. நன்கொடைப் பொருட்களை விற்றுத் தொண்டுக்குப் பணம் சேர்க்கும் ஹை ஸ்ட்ரீட் சாரிட்டி ஷாப்பில் கொடுக்கலாம், பழைய துணி விற்கும் வின்டட் ஆப்பில் விற்கலாம், சூப்பர் மார்க்கெட் கார் பார்க்கில் நிற்கும் இரும்புப் பெட்டிக்குள் தள்ளிவிட்டு வரலாம். இந்த முறை நாங்கள் பெரும்பகுதியைச் சாரிட்டி ஷாப்புக்குத்தான் கொடுத்தோம். இனியும் அப்படித்தான் செய்வோம்.

பெட்டியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எந்த நேரமும் போடலாம், யாரிடமும் பேச வேண்டியதில்லை. சால்வேஷன் ஆர்மி போன்ற சாரிட்டிகளின் பெட்டிகளும் உண்டு, தனியார் நிறுவனங்களின் பெட்டிகளும் உண்டு. எதுவென்று மேலே எழுதியிருப்பதைப் படித்துவிட்டுப் போடுங்கள். சாரிட்டி என்றால் பதிவு எண் இருக்கும், அதை, சாரிட்டிகளைக் கண்காணிக்கும் சாரிட்டி கமிஷனின் இணையதளத்தில் தேடிப் பார்க்கலாம். பழைய துணி கேட்டுக் கதவிடுக்கில் போட்டுவிட்டுப் போகும் பிளாஸ்டிக் பைகளுக்கும் இதே பேச்சுதான்.

வின்டட் நல்ல ஆப். விற்பவருக்குக் கட்டணம் கிடையாது, வாங்குபவர்தான் பாதுகாப்புக் கட்டணமும் தபால் செலவும் கொடுக்கிறார். பெயர்பெற்ற பிராண்ட், அதிகம் போடாத ஷூ, குளிர்கால ஜாக்கெட் என்றால் அங்கே நல்ல விலை கிடைக்கும். கையில் காசு தேவைப்படும் நேரத்தில் விற்பதில் எந்தத் தவறும் இல்லை. ஆனால் மூன்று பவுண்டுக்குப் போகும் குழந்தைச் சட்டைக்குப் படம் எடுத்து, அளவு எழுதி, கேள்விக்கெல்லாம் பதில் சொல்லி, பொட்டலம் கட்டி பார்சல் லாக்கரில் கொண்டுபோய் வைக்கிற வேலை எனக்குக் கட்டுப்படியாகவில்லை.

சாரிட்டி ஷாப்பின் பக்கம் என்னைச் சாய்த்தது கிஃப்ட் எய்ட், அதாவது வரி கட்டுபவர் தரும் நன்கொடைக்கு மேல் அரசும் சாரிட்டிக்குப் பணம் தரும் திட்டம். நம்மவர்கள் பலர் பையைக் கவுண்டரில் வைத்துவிட்டு, "ஃபார்ம் வேண்டாம்" என்று திரும்பிவிடுகிறார்கள். அந்த ஃபார்மில்தான் காசு இருக்கிறது. நீங்கள் கொடுத்த கோட்டு எட்டு பவுண்டுக்கு விற்றால், அரசிடமிருந்து அந்த சாரிட்டி இன்னும் இரண்டு பவுண்டு வாங்கிக்கொள்ளலாம். ஒரு பவுண்டுக்கு 25 பென்ஸ் என்பது கணக்கு. உங்களுக்கு ஒரு பென்னி கூடுதல் செலவில்லை, நீங்கள் ஏற்கெனவே கட்டிய வருமான வரியிலிருந்து அது போகிறது.

சட்டப்படி கிஃப்ட் எய்ட் பணத்துக்குத்தான், பொருளுக்குக் கிடையாது. அதனால் கடை உங்கள் முகவராக நின்று பொருளை விற்கிறது. விற்கும்வரை பொருள் உங்களுடையது. விற்று வந்த பணத்தை நீங்கள் நன்கொடையாகத் தருகிறீர்கள். உங்கள் பையில் பார்கோடு ஸ்டிக்கர் ஒட்டுவதும், பிறகு "உங்கள் பொருட்கள் இவ்வளவுக்கு விற்றன" என்று கடிதமோ மின்னஞ்சலோ வருவதும் இதற்காகத்தான். அந்தக் கடிதத்தைத் தூக்கிப் போடாதீர்கள். 40 சதவீத வரி கட்டுபவர் செல்ஃப் அசெஸ்மென்ட் எனும் ஆண்டு வரிக் கணக்கில் இதைக் காட்டலாம். 100 பவுண்டுக்கு விற்றிருந்தால் 25 பவுண்டு அவருக்கே திரும்பக் கிடைக்கும். பெட்டியில் போட்ட பைக்குப் பெயரும் இல்லை, ஸ்டிக்கரும் இல்லை. அதனால் இதில் எதுவும் கிடைக்காது.

ஒரு எச்சரிக்கை. அந்த வருடம் நீங்கள் கட்டிய வரி, சாரிட்டி கேட்டு வாங்கும் தொகையைவிடக் குறைவாக இருந்தால், மிச்சத்தை நீங்கள்தான் கட்ட வேண்டிவரும். வரி கட்டாத அம்மா அப்பாவைக் கையெழுத்துப் போட வைக்காதீர்கள். அம்மாவின் சேலைகளை உங்கள் பெயரில் கொடுப்பதும் சரியல்ல, ஃபார்ம் சொந்தப் பொருளுக்கு மட்டும்தான். அவற்றைத் தனிப் பையில் கட்டி, கிஃப்ட் எய்ட் இல்லாமல் கொடுத்துவிடலாம்.

பெரிய பொருட்களிலும் சாரிட்டி ஷாப்புக்குத்தான் என் ஓட்டு. பிரிட்டிஷ் ஹார்ட் பவுண்டேஷன் என்ற சாரிட்டிக்கு சோபா, கட்டில், மின்சாதனங்களுக்கென்றே தனிக் கடைகள் உண்டு, வீட்டுக்கு வந்து இலவசமாக எடுத்துக்கொண்டும் போவார்கள். ஆனால் சோபாவின் அடியில் தைத்திருக்கும் தீப்பாதுகாப்பு லேபிள் இருக்க வேண்டும். 1988ஆம் ஆண்டின் விதிகள்படி அது இல்லாத சோபாவை அவர்களால் விற்க முடியாது. புது சோபா வாங்கியதும் அந்த லேபிளைக் கத்தரித்துவிடாதீர்கள். குழந்தைகளின் கார் சீட்டும் ஹெல்மெட்டும் பொதுவாக வாங்கமாட்டார்கள், விபத்தில் அடிபட்டதா என்று பார்த்துச் சொல்ல முடியாதே. அப்புறம், கடை பூட்டிய பிறகு வாசலில் பையை வைத்துவிட்டு வராதீர்கள். மழையில் நனைந்த துணியைக் குப்பைக்கு அனுப்பும் செலவும் அந்த சாரிட்டியின் தலையில்தான் விழும்.

வாங்கும் பக்கம் வந்தால் போட்டி கொஞ்சம் நெருக்கம். குறிப்பிட்ட அளவில் குறிப்பிட்ட ஃபுட்பால் பூட்ஸ் வேண்டும் என்றால், கடை கடையாக ஏறி இறங்குவதைவிட வின்டட்டில் தேடுவது சுலபம். கம்பளிக் கோட்டு, பீங்கான், புத்தகம் என்றால் கடைதான். கம்பளியைத் தொட்டுப் பார்க்கலாம், ஜிப்பை இழுத்துப் பார்க்கலாம், அக்குளையும் காலரையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கலாம். புத்தகத்துக்கென்றே ஆக்ஸ்பாம் என்ற சாரிட்டி தனிக் கடைகள் நடத்துகிறது. கவுண்டரில் நிற்பவர்களில் பலர் தன்னார்வலர்கள். புகலிடம் கேட்டு முடிவுக்காகக் காத்திருப்பவர்களுக்குப் பொதுவாகச் சம்பள வேலைக்கு அனுமதி இல்லை, சாரிட்டியில் தன்னார்வலராக நிற்கலாம். புதிதாக வந்த நம் பிள்ளைகளுக்கு நாலு பேரோடு பேசிப் பழக இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

சேலைகளைப் பொறுத்தவரை என் அனுபவம் கொஞ்சம்தான். லண்டனில் நம்மவர்கள் அதிகம் வாழும் ஹாரோ, ஈஸ்ட் ஹாம் பக்கத்துக் கடைகளில் சேலை என்றால் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. மற்ற இடங்களில் முதலில் மேனேஜரிடம் கேட்டுவிட்டு, பட்டா சிந்தெடிக்கா, பிளவுஸ் இருக்கிறதா என்று ஒரு துண்டுத் தாளில் எழுதி சேலையோடு குத்திக் கொடுங்கள். விலை போடுகிறவருக்கு அது உதவும்.