லாங்குவேஜ்டூல்: தமிழர் எழுதும் ஆங்கிலத்துக்கு எவ்வளவு தூரம் உதவும்?

ஆங்கிலப் பிழை பார்க்கும் மென்பொருள்களில் நான் முதலில் பரிந்துரைப்பது லாங்குவேஜ்டூல். 2003இல் டேனியல் நாபர் தொடங்கிய ஓப்பன் சோர்ஸ் திட்டம் இது; அதாவது, இதன் மூலநிரல் எல்லோருக்கும் திறந்திருக்கும். சொந்தக் கணினியிலேயே ஓடவிடலாம்; அப்படிச் செய்தால் அலுவலகக் கடிதமோ வழக்கு ஆவணமோ வெளியே போகாது.

முதலில் ஆங்கில வகையைத் தேர்ந்தெடுங்கள். அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா என ஆறு உண்டு; இந்தியா இல்லை. நமக்குப் பிரிட்டனே சரி. அமெரிக்காவில் விட்டுவிட்டால், 'கலர்' என்ற சொல்லில் நாம் போடும் 'யூ' எழுத்தையும் பிழை என்று கோடிடும்.

ஆங்கிலம் தாய்மொழியானவர்கள் பெரும்பாலும் காதில் விழுந்தபடி எழுதித் தவறுகிறார்கள். 'செய்திருக்கலாம்' என்ற பொருளில் வரும் 'குட் ஹேவ்' (could have) பேச்சில் குறுகி 'குடவ்' ஆவதால் 'குட் ஆஃப்' (could of) என்று எழுதிவிடுவார்கள். இதை லாங்குவேஜ்டூல் உடனே பிடிக்கும். 'அங்கே', 'அவர்களுடைய' என்ற பொருள்களில் வரும் இரண்டு 'தேர்' சொற்கள் இடம் மாறினால் கண்டுபிடிப்பது கடினம். அதற்கு என்-கிராம் தரவு, அதாவது எந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் எந்தச் சொல் எத்தனை முறை வருகிறது என்ற கணக்கு, வேண்டும். ஆங்கிலத்துக்கு மட்டும் சுமார் 8 ஜிபி. எஸ்எஸ்டியில் வையுங்கள், சாதா ஹார்ட் டிஸ்க்கில் இழுக்கும்.

லிப்ரே ஆபிஸ் என்ற இலவச அலுவலக மென்பொருளில் 7.4 பதிப்பு முதல் இதற்கான இணைப்பு உள்ளேயே இருக்கிறது. ஜாவாவை நிறுவி, லாங்குவேஜ்டூல் சர்வரை 8081 போர்ட்டில் (இணைப்பு எண்) ஓடவிட்டு, டூல்ஸ், ஆப்ஷன்ஸ் வழியே லாங்குவேஜ்டூல் சர்வர் பகுதிக்குப் போய், நம் கணினியையே குறிக்கும் லோக்கல்ஹோஸ்ட் முகவரியைக் கொடுங்கள். முகவரியின் கடைசியில் 'வி2' விடுபட்டால் பிழைக்கோடு ஒன்றுகூட வராது. கட்டுரை சுத்தம் என்று ஏமாந்துவிடுவோம்.

தமிழர் செய்யும் பிழைகளில்தான் இதன் பலவீனம் தெரிகிறது. 'ஹி கோ', 'எ ஹவர்' போன்றவற்றைத் தவறவிடாது. ஆனால் கல்லூரிப் படிப்பை முடித்ததை 'ஐ பாஸ்டு அவுட் இன் 2015' என்று எழுதினால் இலக்கணம் சரியாகவே இருக்கிறது. லண்டனில் படிப்பவருக்கோ மயங்கி விழுந்ததாகத் தோன்றும். 'எ', 'தி' குழப்பமும் அப்படியே. இரண்டுமே பொருந்தும் இடத்தில் நாம் எதைச் சொல்ல வந்தோம் என்று மென்பொருளுக்கு எப்படித் தெரியும்?

'பாஸ்டு அவுட்' போன்ற பிழைகளுக்கு வழி உண்டு, எனக்கு மிகவும் பிடித்த வசதியும் அதுதான். ஆங்கில விதிகள் உள்ள எக்ஸ்எம்எல் கோப்பில் நம் விதியை நாமே சேர்க்கலாம். 'பாஸ்', 'அவுட்' என இரண்டு டோக்கன்கள் (விதி தேட வேண்டிய சொற்கள்), கூடவே ஓர் எச்சரிக்கை வரி. முதல் டோக்கனுக்கு 'இன்ஃப்ளெக்டட்' என்ற பண்பை 'எஸ்' என்று வைத்தால் இறந்தகால வடிவமும் சிக்கும். சேமித்துவிட்டு சர்வரை மறுபடி தொடங்குங்கள். புதிய பதிப்பு தன் கோப்போடுதான் வரும், ஆகவே நீங்கள் எழுதிய விதிகளைத் தனியே நகலெடுத்து வையுங்கள்.